300 மீற்றருக்கு அங்கால்: யாழ்ப்பாணக் கரையும் சுற்றுலாவும் சட்டமும்

ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் பிரான்சிலிருந்து வந்து நின்றபோது என்னை வடமராட்சிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். தாய்வழியில் வந்த ஆறு பரப்புக் காணி. அதில் எட்டு அறையோடு ஒரு விருந்தினர் விடுதி கட்டப் போகிறானாம். கையில் மேசன்மார் பாவிக்கும் 30 மீற்றர் அளவு நாடா. "அண்ணை, கடலிலயிருந்து 300 மீற்றர் விட்டாச் சரியாம். அதுக்கு அங்கால ஒருத்தரும் கேளாங்களாம். உண்மையோ?" என்றான்.

நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன். எங்கே பிடிப்பது என்பதிலேயே முதல் தகராறு. அலை வந்து தொடுகிற இடத்திலா, சாதாழை ஒதுங்கிக் காய்ந்து கிடக்கிற வரியிலா, மாரியில் கடல் ஏறி வந்த இடம் என்று பக்கத்து வாடிக்காரர் காட்டிய பனையடியிலா? சட்டம் ‘சராசரி உயர்நீர் மட்டக் கோடு’ என்கிறது. அது முறைப்படி அளந்து குறிக்க வேண்டிய கோடு, கண்ணால் பார்த்துச் சொல்கிற சங்கதி இல்லை. சரி என்று குத்துமதிப்பாகச் சாதாழை வரியில் பிடித்தோம். ஒன்பது தடவை நாடாவைத் தூக்கித் தூக்கி வைத்ததும் அவனுடைய காணியின் பின்வேலி வந்துவிட்டது. காணி முழுக்க 300 மீற்றருக்குள்தான்.

அவன் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கரையைக் காக்கச் சட்டம் இல்லை என்று மேடையில் பேசுகிறார்கள். சட்டம் நிறையவே இருக்கிறது. அவை எந்தக் கரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் பிறந்ததற்கு முக்கிய காரணம் தென்மேற்குக் கரையின் கடலரிப்பு. அங்கே முருகைக்கல்லைத் தோண்டிச் சுண்ணாம்புச் சூளைக்கு அனுப்பினார்கள், ஆற்று மணலையும் அள்ளினார்கள், கடல் உள்ளே வந்தது. ஆகவே சட்டம் ஒரு வலயத்தை வரைந்தது. உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடல்பக்கமாக 2 கிலோமீற்றர். இதற்குள் எந்த அபிவிருத்தி வேலை செய்வதானாலும், சட்டம் விலக்களித்த சில வேலைகளைத் தவிர, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1988இல் வந்த திருத்தம் வலயத்துக்குள் முருகைக்கல் தோண்டுவதையும், வைத்திருப்பதையும், சுடுவதையும், ஏற்றிப் போவதையும் தடை செய்தது.

2011இல் இன்னொரு பெரிய திருத்தம். சட்டத்தின் பெயரே கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவச் சட்டம் என்று நீண்டது. பெயரை விட முக்கியமானது, கடலோடு தொடுப்புள்ள களப்பு (கடல்நீரேரி), கழிமுகம் போன்றவற்றின் ஓரமாக 100 மீற்றர் நிலத்தையும் அது வலயத்துக்குள் இழுத்ததுதான். நம் ஊரில் இது பலருக்குத் தெரியாது. கடற்கரை என்றால் கசூரினா, சாட்டி, காங்கேசன்துறை என்றுதான் நினைக்கிறோம். பண்ணைப் பாலத்தடியில் பரவைக்கடலைப் பார்த்தபடி காணி வாங்குகிறவரும், அரியாலைப் பக்கம் தரவை என்கிற உவர் வெளியோரம் ‘லகூன் வியூ’ என்று பலகை போடுகிறவரும் தாங்கள் கரையோர வலயத்தில் நிற்கிறோமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. யாழ்ப்பாணக் கடல்நீரேரி 400 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. குடாநாட்டைச் சுற்றிக் கடல் இருக்கிறது என்பதோடு, குடாநாட்டின் வயிற்றுக்குள்ளும் கடல் இருக்கிறது.

வலயத்துக்குள் எவ்வளவு தூரம் விட்டுக் கட்டுவது என்பது இன்னொரு கணக்கு. 300 மீற்றருக்குள் கட்டவே கூடாது என்று அர்த்தமில்லை. கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அரிப்பு அபாயத்தைப் பார்த்துப் பின்வாங்கல் தூரம் வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்வது கரையோர வலய முகாமைத்துவத் திட்டம். முதலாவது 1990இல் வந்தது, 1997இலும் 2004இலும் புதுக்கினார்கள், பிறகு 2018இல் இன்னொன்று வர்த்தமானியில் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கொஞ்சக் காலம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு ஒரே கோடு கிழித்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் கட்டடமில்லாத இடைவலயம் என்றார்கள். கடல் அடித்துப் போன வீட்டைத் திரும்பக் கட்ட முடியாமல் மீனவர்கள் அலைந்தார்கள். வடமராட்சி கிழக்கில் அந்த 200 மீற்றர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு ‘பஃபர் சோன்’ என்ற சொல்லே கசக்கும். பிறகு அது தளர்த்தப்பட்டது. கரைச் சட்டம் என்றதும் எங்கள் கடற்தொழிலாளர்கள் முகத்தைச் சுளிப்பதற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

இதுவரை பார்த்தது 300 மீற்றருக்குள். அங்கால் போனால் வேறு சட்டம்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்தான் மத்திய சுற்றாடல் அதிகாரசபை வந்தது. 1988 திருத்தம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எந்தெந்தத் திட்டத்துக்கு மதிப்பீடு வேண்டும் என்ற பட்டியல் 1993 ஜூன் மாத வர்த்தமானியில் வந்தது. ஹோட்டல், விடுமுறை விடுதி என்றால் 99 அறைக்கு மேல் அல்லது 40 ஹெக்டேயருக்கு மேல். ஈரநிலம் நிரப்புவது என்றால் 4 ஹெக்டேயருக்கு மேல். இந்தப் பட்டியல் கரையோர வலயத்துக்கு வெளியே முழுதாகவோ பகுதியாகவோ கிடக்கிற திட்டங்களுக்கு உரியது. முழுக்க வலயத்துக்குள் கிடக்கிற திட்டத்துக்கு மதிப்பீடு கேட்பதா இல்லையா என்பது கரையோரம் பேணல் பணிப்பாளர் நாயகத்தின் தீர்மானம்.

99 அறை. யாழ்ப்பாணத்தில் அதைத் தாண்டிய ஹோட்டல் எது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றுமே ஞாபகத்துக்கு வரவில்லை. நல்லூரடியிலும் வைத்தியசாலை வீதியிலும் உள்ள பெரிய ஹோட்டல்கள்கூட இந்தக் கணக்குக்குக் கீழேதான். மற்றதெல்லாம் எட்டு அறை, பன்னிரண்டு அறை, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளின் பூட்டிக்கிடந்த வீட்டை ஏசி போட்டு வாடகைக்கு விட்டது. பெந்தோட்டையையும் பேருவளையையும் மனத்தில் வைத்து எழுதிய எண் அது. அங்கே ஒரு ஹோட்டல் ஒரு ஊருக்குச் சமம். இங்கே ஊரே சிறுசிறு ஹோட்டலாக மாறுகிறது. நூறு அறை ஒரே கூரையின் கீழ் வந்தால் அறிக்கை, பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள், மூன்று மொழிப் பத்திரிகையிலும் விளம்பரம் என்று எல்லாம் நடக்கும். அதே நூறு அறை ஒரு வீதியில் பத்து வீடாக வந்தால் இவற்றில் ஒன்றும் நடக்காது.

இதனால் என்ன கெட்டுப் போகிறது என்று கேட்கலாம். அதற்குக் காலுக்குக் கீழே பார்க்க வேண்டும்.

குடாநாடு ஒரு சுண்ணாம்புக்கல் தட்டு. மயோசீன் காலத்துக் கல், உள்ளே வெடிப்பும் குகையும் துவாரமும். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. மழை விழுந்து, கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே ஒரு நன்னீர் வில்லையாக மிதக்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். தோட்டத்துக்கு இறைப்பதும் அதுதான், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரம் இறங்குவதும் அதற்குள்தான். நைத்திரேற்று கூடிய கிணறுகளைப் பற்றி இங்கே பல்கலைக்கழகத்திலும் வெளியிலும் பல காலமாக எழுதுகிறார்கள். மலசலகூடக் குழியும் இதே கல்லுக்குள்தான். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பதும் அதைத்தான். மணலில் 50 அடி நல்ல வடிகட்டி. வெடித்த சுண்ணாம்புக்கல்லில் அப்படிச் சொல்ல முடியாது. தண்ணீர் வெடிப்பு வழியே ஓடிப் பக்கத்து வளவில் போய் நிற்கும்.

ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்த இடத்தில் எட்டு அறை, அறைக்கு இரண்டு பேர், ஒவ்வொருவரும் காலையும் மாலையும் ஷவரில் குளிக்கிறார்கள், கடலில் குளித்துவிட்டு வந்து இன்னொரு தரம். துணி தோய்ப்பது வேறு. அள்ளுகிற தண்ணீர் கூடுகிறது, குழிக்குள் போகிறதும் கூடுகிறது. கரையோரக் கிணற்றில் அள்ளு மிஞ்சினால் கீழேயிருந்து உவர் ஏறும். மேலேயிருந்து கழிவு இறங்கும். இந்த நடுவில் நிற்கிற வில்லைக்கு 300 மீற்றர் கோடு தெரியாது. தென்பகுதிக் கரையில் கோட்டைத் தாண்டியதும் பெரும்பாலும் நிலத்தின் கதைதான். இங்கே கோட்டைத் தாண்டினாலும் கீழே கடல் இருக்கிறது. என் கணிப்பில் யாழ்ப்பாணச் சுற்றுலாவுக்கு எழுத வேண்டிய முதல் விதி குழியைப் பற்றியது. கடற்கரைக் குடை, நிழல்மரம், வரவேற்பு வளைவு எல்லாம் பிறகு பார்க்கலாம்.

நிலத்தடி நீர் விடயத்தில் சட்டத்துக்குக் கை நீளும் என்பதற்கு நம்மிடமே ஒரு சாட்சி இருக்கிறது. சுன்னாகம் மின்நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் அந்தப் பகுதி மக்களுக்காக 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கெடுத்தவன் கட்டு என்ற கொள்கை நம் ஊர்க் கிணற்றடியில் வைத்துச் சொல்லப்பட்டது. ஆனால் அங்கே கெடுத்தது ஒரு பெரிய நிறுவனம், கையை நீட்டிக் காட்ட ஓர் இடம் இருந்தது. ஒரு வீதியில் பத்து விடுதி பத்துக் குழி வைத்திருந்தால் யாரைக் கூண்டில் ஏற்றுவது?

இதற்குப் பரிகாரம் கொழும்பில் இல்லை. கட்டட அனுமதி கொடுப்பது பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை. குழி எப்படி, எங்கே, கசியாத தொட்டியா, உறிஞ்சு குழியா என்பதெல்லாம் அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் கழிவகற்றலையும் அவர்களிடம்தான் கொடுத்திருக்கிறது. வேலணைக்கோ காரைநகருக்கோ தனியாக ஒரு உபவிதி எழுதி, வாடகைக்கு அறை விடுகிற எந்தக் கட்டடத்துக்கும் கசியாத தொட்டி கட்டாயம், அதை வண்டி வந்து இறைக்கும், இறைத்த பற்றுச்சீட்டைக் காட்டினால்தான் வியாபார உரிமம் புதுப்பிக்கப்படும் என்றால் போதும். இதற்குப் பெரிய அறிஞர் குழு ஒன்றும் தேவையில்லை. வண்டியும், இறைத்ததைக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்க ஓர் இடமும் வேண்டும். அந்த இரண்டாவது இடத்தில்தான் சிக்கல்.

குப்பைக்கும் அதே சிக்கல். யாழ் நகரத்தின் குப்பை போவது கல்லுண்டாய் வெளிக்கு, கடல்நீரேரியோரத் தரவைக்கு. வருகிறவன் போகிறவன் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற வீதி அது, இடைக்கிடை தீயும் பிடிக்கும். கசூரினாவில் ஞாயிறு பின்னேரம் நிற்கிற வான்களையும், அவை போனபிறகு சவுக்கு மரத்தடியில் கிடக்கிற சோற்றுப் பார்சலையும் சோடாப் போத்தலையும் பார்த்துத் திட்டுகிறோம். அதைப் பொறுக்கி எடுத்தாலும் எங்கே கொண்டுபோவது என்று ஒருவரும் கேட்பதில்லை. பிளாஸ்டிக் விதிகள் இருக்கின்றன. 2017 செப்டம்பரில் லஞ்ச் சீற், 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன், ரெஜிபோம் பெட்டி ஆகியன தடையாயின. 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டு, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு வரை தடைப்பட்டியலுக்குள் வந்தன. இடியப்பத் தட்டு மட்டும் நம் வீட்டில் பழைய பனையோலைத் தட்டுக்கும் பிரம்புத் தட்டுக்கும் திரும்பிப் போக ஒரு சாட்டாக வந்து சேர்ந்தது. தண்ணீர்ப் போத்தலுக்குத் தடை இல்லை. கரையில் நிறையக் கிடப்பது அதுதான். வருகிறவர் கிணற்றுத் தண்ணீரை நம்பாததால் போத்தல் வாங்குகிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் குழியும் குப்பையும் ஒரே கதையாகிவிடும்.

தாளையடியில், வடமராட்சி கிழக்குக் கரையில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. குழாய்த் தண்ணீர் பரவலாக வந்தால் கிணற்றின் மேல் பாரம் குறையும், விடுதிக்காரருக்கும் நிம்மதி. ஆனால் உள்ளே வருகிற தண்ணீர் கூடினால் வெளியே போகிற கழிவுநீரும் கூடும். குடாநாட்டில் கழிவுநீருக்குப் பொதுக் குழாய் இல்லாத நிலையில் அது முழுக்க அதே கல்லுக்குள்தான் போக வேண்டும்.

இனிக் காட்டுயிர்ப் பக்கம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பழையதானாலும் பல்லுள்ள சட்டம். கடலாமையைத் தொட முடியாது, முட்டை எடுக்க முடியாது. தேசியப் பூங்கா எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் அபிவிருத்தி செய்ய வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இன்னொன்று, நான் முன்னே சொன்ன 99 அறைக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. இச்சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட ஒரு சரணாலயத்துக்குள்ளோ அதன் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள்ளோ வந்தால் அளவு பார்க்காமல் மதிப்பீடு கேட்கலாம். 2015இல் சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் தேசியப் பூங்காவாகின. சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயமாக இருந்தது. மாரி காலத்தில் அங்கே பூநாரை இறங்குவதைப் பார்க்கவே இப்போது ஆட்கள் போகிறார்கள். ஒரு வான் நிறைய ஆட்கள் இறங்கிக் கத்தினால் கூட்டம் எழும்பிப் போய்விடும், பிறகு வந்த மற்றவர்களுக்கு வெறும் தண்ணீர்தான்.

நெடுந்தீவைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல ஆசை. கல்வேலி, ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, பெருக்குமரம், மட்டக்குதிரைகள். இத்தனையும் சின்ன ஒரு தீவில், நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாட்டோடு. இவ்வளவு காலம் அதைப் பெருந்திரளிலிருந்து காத்தது சட்டத்தை விட, குறிகட்டுவானிலிருந்து போகிற படகுதான் என்பது என் எண்ணம். நாளுக்குச் சில தடவை, ஒரு மணித்தியாலப் பயணம், நிற்கக்கூட இடமில்லாத கூட்டம், காற்றுக் காலத்தில் வயிற்றைக் கலக்கும். தாங்குதிறன் என்று ஆய்வறிக்கையில் எழுதுகிறார்களே, அதை இறங்குதுறை பேசாமல் செய்துகொண்டிருந்தது. அந்தப் படகில் போகிற தீவு மக்கள் படுகிற கஷ்டம் வேறு, அவர்களுக்கு நல்ல படகு கட்டாயம் வேண்டும். நல்ல படகு வரும்போது எத்தனை பேரை ஒரு நாளுக்கு விடலாம், அவர்கள் கொண்டுவந்த போத்தலைத் திருப்பிக் கொண்டு போகிறார்களா என்ற கணக்கை யாராவது கையில் எடுக்க வேண்டிவரும்.

2011 திருத்தத்தில் ‘விசேட முகாமைத்துவப் பகுதி’ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு களப்பையோ கரைத்துண்டையோ எடுத்து, அங்கே தொழில் செய்கிறவர்களையும் திணைக்களங்களையும் உள்ளூராட்சியையும் ஒரு மேசையில் இருத்தி அந்த இடத்துக்கென்று திட்டம் போடுவது. 90களின் தொடக்கத்தில் தெற்குக் கரையில் ஹிக்கடுவையிலும் ரெக்கவவிலும் சட்டத்தில் பெயர் வருமுன்னரே முயன்று பார்த்தார்கள். ஹிக்கடுவையில் அதற்குள் நேரம் கடந்துவிட்டது. கரையை ஒட்டி ஹோட்டல்கள், கண்ணாடி அடித்தளப் படகுகள் முருகைப் பாறையில் உரசி ஓடியது, மேலதிகமாக 1998இல் கடல் சூடாகிப் பாறை வெளிறியது. இன்று அது தேசியப் பூங்கா, பாறையோ பழைய பாறை இல்லை. கெட்ட பிறகு காப்பதற்கு அதுவே உதாரணம்.

நமக்கு ஒரு விசித்திரமான அனுகூலம் இருந்தது. தெற்கில் சுற்றுலா கரையைத் தின்ற காலத்தில் நம் கரையில் போர் நடந்தது. வலிகாமம் வடக்கில் 1990இலிருந்து மக்களே போக முடியவில்லை. இதைப் பாக்கியம் என்று சொல்ல மனம் வராது, சொன்னால் அடிக்க வருவார்கள், அடிக்கவும் வேண்டும். ஆனாலும் கட்டடம் ஏறாத கரை கையில் மிஞ்சியது உண்மை. அப்படி மிஞ்சியதில் நல்ல துண்டுகள் சிலவற்றில் முதலில் விடுதி நடத்த வந்தது யார் என்று பார்த்தால், காங்கேசன்துறையில் இராணுவம், காரைநகரருகே கடற்கோட்டையில் கடற்படை. சொந்தக் காணிக்குப் போக வழி கேட்டு நிற்கிறவனுக்கு ‘நிலைபேறான சுற்றுலா’ என்ற சொல் எந்தத் தொனியில் கேட்கும் என்று திட்டம் எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

இப்போது வேகம் பிடிக்கிறது. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. 2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு உல்லாசக் கப்பல் வந்தது, அந்த ஒக்டோபரில் நாகபட்டினம் படகு தொடங்கி, நின்று, மறு ஓகஸ்டில் திரும்ப ஓடியது. 2025 செப்டம்பரில் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மைதானம் வரட்டும், நானும் போய்ப் பார்ப்பேன். கண்டலும் தரவையும் வலசைப் பறவையும் உள்ள தீவு என்பதால் அங்கே போகிற ஒவ்வொரு லோட் மண்ணுக்கும் மேலே சொன்ன சட்டங்கள் கேட்கிற கேள்விகள் உண்டு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மணல் என்றதும் மணற்காடு. வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தத்துக்குப் போகிறவர்கள் கால் புதையப் புதைய நடக்கிற அந்த மணல்மேடுகள் வடமராட்சிக்கு அலைத்தடுப்பு, மழைநீர்த் தாங்கி இரண்டும். மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவருக்கு முன்னால் நின்று எல்லாரும் படம் எடுக்கிறார்கள். 1992ஆம் ஆண்டின் சுரங்க, கனியப்பொருள் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் மணல் அள்ள முடியாது, கரையோர வலயத்துக்குள் என்றால் கரையோரத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். ராத்திரியில் ஓடுகிற உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு இந்தச் சட்டங்களின் இலக்கம் தெரியாது. அந்த மணலில் கொஞ்சம் விடுதி கட்டவும் போகிறது என்பதுதான் கொடுமை. பார்க்க வருகிறவன் தங்குவதற்குப் பார்க்க வந்த பொருளையே அள்ளிக் கட்டுகிறோம்.

இதையெல்லாம் ஓர் இடத்தில் சேர்த்துப் பார்க்கக்கூடிய அமைப்பு மாகாண சபைதான். அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சுற்றாடல் பாதுகாப்பை மாகாணப் பட்டியலிலும், மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான ஒருங்கிய பட்டியலிலும் வைத்திருக்கிறது. வடமேல் மாகாணம் இதைப் பிடித்துக்கொண்டு 1990இலேயே தனக்கென்று ஒரு சுற்றாடல் நியதிச்சட்டம் (மாகாண சபை ஆக்குகிற சட்டம்) செய்தது, தனி அதிகாரசபையும் வைத்தது. குருநாகலும் புத்தளமும் செய்ததைச் செய்ய நமக்குச் சட்டத்தடை ஒன்றும் இருக்கவில்லை. வடக்கு மாகாண சபை 2013இல் தேர்தல் கண்டு 2018இல் காலம் முடிந்து போனது. அந்த ஐந்து வருடத்தில் எத்தனையோ தீர்மானம் போட்டோம். குடாநாட்டின் கல்லுக்கும் கிணற்றுக்கும் பொருத்தமாக 99 என்ற எண்ணை 9 ஆக்கி ஒரு நியதிச்சட்டம் எழுதியிருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

தம்பியின் கதைக்கு வருகிறேன். பின்வேலியடியில் நின்று கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். கரையோர அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், பின்வாங்கல் தூரம் கேட்க வேண்டும், பிரதேச சபைக்கு வரைபடம், சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு. "இதெல்லாம் எடுக்க ஒரு வருசம் போகும். றோட்டுக்கு அங்கால காணி விலைக்கு வருது அண்ணை. அங்க கட்டினா எட்டு அறைக்கு ஒருத்தரும் கேளாங்கள் என்ன?"

கரையோரத் திணைக்களம் கேளாது, மதிப்பீடும் கேளார்கள் என்றேன். உண்மை அதுதான். வேண்டுமென்றால் குழியைப் பரிசோதகர் பார்ப்பார்.

அந்தக் காணியைப் பார்க்கப் போனோம். வேலியோடு ஒரு பழைய கிணறு, துலாக்கால் மட்டும் நிற்கிறது. பக்கத்து வளவு அம்மா வாளியும் கயிறும் தந்தார். அள்ளிக் குடித்துப் பார்த்தான். முகம் மாறியது. "சவர்க்குது" என்றான். மாரியில் நல்லாயிருக்கும் தம்பி, இப்ப மூன்று நாலு வருசமா வெயிலுக்கு இப்படித்தான் என்றார் அம்மா. பக்கத்தில் புதிதாக எழும்பியிருந்த மேல்மாடி வீட்டைக் கண்ணால் காட்டினார். அதன் மதிலில் அறை வாடகைக்கு உண்டு என்று எழுதி, கீழே ஒரு வெளிநாட்டுத் தொலைபேசி இலக்கம் போட்டிருந்தது. தம்பி நாடாவைச் சுற்றிக்கொண்டே அந்த வீட்டின் குழி எந்தப் பக்கம் என்று கேட்டான்.